கவிதைகளை எங்கே அனுப்புவது என்று கேட்டாயே

செம்பனார்கோயில்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கவிதைகளைக் கடைத்தெருவில் கொடுத்து அச்செடுத்துப் படித்தேன். போனில் படித்தால் எனக்குக் கவிதை மனதில் நிற்பதில்லை. அப்பாவும் படித்தார். 'முதல் தண்ணி' இருந்த தாளை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். இந்த வருஷம் உனக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் கிடைக்காது.

அந்தக் கவிதையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தியில் வந்தாலும், கடைமடையில் இருக்கிற நாம் தண்ணீரை நம்புவது கண்ணால் பார்த்த பிறகுதான். அது வரும்போது தண்ணீராகவா வருகிறது? முன்னால் சருகு, வைக்கோல், நுரை, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. அதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறாய். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போய், குமிழி விட்டு மேலே வருவதையும் எழுதியிருக்கிறாய். கவிதை அங்கேயே முடிந்துவிட்டது, தம்பி. அதற்குப் பிறகு 'காவிரித் தாயே' என்று தொடங்கும் நாலு வரி வேண்டாம். செருப்பைப் பார்த்தது நீ. தாயைக் கூப்பிட்டது ஏதோ மேடையில் நீ கேட்ட குரல். அந்த நாலு வரியை அடித்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார், உனக்கே தெரியும்.

சரி, எங்கே அனுப்புவது? எந்தப் பத்திரிகையை நீ காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறாயோ அதற்கு அனுப்பு. படிக்காத பத்திரிகைக்கு அனுப்பாதே. நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் மேஜைக்கு வரும் இதழ்களை எல்லாம் புரட்டியவள் என்பதால் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு காது உண்டு. மதுரையிலிருந்து வரும் செம்மலர் கேட்கிற குரல் வேறு, நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 1988-இல் தொடங்கிய காலச்சுவடு கேட்கிற குரல் வேறு. 1965-இல் டெல்லியில் தொடங்கிய கணையாழிக்கு இன்னொரு ருசி. ஒவ்வொன்றிலும் பழைய இதழ்கள் சிலவற்றைத் தேடிப் படித்தால், உன் கவிதை எங்கே போய் உட்காரும் என்று உனக்குப் பிடிபட்டுவிடும்.

சின்னப் பத்திரிகை என்று யாராவது உன்னிடம் இளப்பமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' தொடங்கும்போதே 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தவர். அந்த இதழில்தான் தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றியது. அதில் எழுதிய ந. பிச்சமூர்த்தி நம் கும்பகோணத்துக்காரர். கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் பார்த்த எம்.வி. வெங்கட்ராம், கைக்காசைப் போட்டுத் 'தேனீ' என்ற இதழை நடத்தினார். ஞானக்கூத்தன் பிறந்தது இதோ பக்கத்தில், மயிலாடுதுறை திருஇந்தளூரில். அவர் கவிதைகள் வந்த 'நடை'யும் 'கசடதபற'வும் நீண்ட நாள் ஓடியவை இல்லை. ஆனால் அங்கே வந்த கவிதைகளை இன்றும் படிக்கிறோம். இந்த மண்ணில் உனக்கு முன்னால் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமையான விஷயம். உனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒருவர் உன்னிடம் தொகுப்பு நூலில் சேர்க்கிறேன், ஒரு பக்கத்துக்கு இவ்வளவு பணம், கூடவே சான்றிதழும் ஒரு பட்டமும் உண்டு என்றாரே, அதற்கு ஒரு பைசா கொடுக்காதே. பணம் கட்டிய எல்லாருடைய கவிதையும் வரும் என்றால், அங்கே உன் கவிதையைப் படித்தவர் யாருமே இல்லை. நல்ல சிற்றிதழில் சன்மானம் கிடைப்பது அரிது, பெரும்பாலும் இதழின் ஒரு பிரதிதான் வரும். ஆனால் நூறு கவிதைகளுக்கு நடுவில் உன்னுடையதை ஓர் ஆசிரியர் உட்கார்ந்து படித்து, இது இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருப்பார். எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு முன்பின் தெரியாத வாசகர் வேண்டும். நானும் அப்பாவும் உன்னைத் தெரிந்து படிக்கிறவர்கள், எங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அனுப்பும்போது நாலைந்து கவிதை போதும். யூனிகோடில் தட்டச்சு செய்து ஒரே கோப்பாக அனுப்பு. பெயர், ஊர், முகவரி, தொலைபேசி எண், இவை இதுவரை எங்கும் வெளிவராதவை என்று ஒரு வரி, அவ்வளவுதான். கவிதைக்கு விளக்கம் எழுதாதே. ஒரே கவிதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே, இரண்டிலும் வந்துவிட்டால் இரு ஆசிரியர்களுக்கும் சங்கடம். முகநூலில் போட்டுவிட்டதைப் பல இதழ்கள் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் அனுப்ப நினைப்பதை அங்கே போடாதே.

அப்புறம், பதில் வராது. முக்கால்வாசி நேரம் வேண்டாம் என்றுகூட யாரும் எழுத மாட்டார்கள். ஒன்றிரண்டு பேர் கூடி, சொந்த வேலைக்கு நடுவே நடத்துகிற இதழ்கள்தான் அதிகம், அவர்கள்மேல் வருத்தப்படாதே. மூன்று மாதம் பார், பிறகு மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேள், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இதழுக்கு அனுப்பு. எதை எந்தத் தேதியில் எங்கே அனுப்பினாய் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள். காத்திருக்கிற மாதங்களில் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. ஷிப்ட் முடிந்து வந்து எழுத உட்காருவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

ஓசூர் முகவரிக்கு இரண்டு இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறேன். வீட்டு எண் மாறியதாகச் சொன்னாய், பின்கோடோடு சரியாக எழுதி அனுப்பு. திருத்திய 'முதல் தண்ணி'யையும் கூடவே அனுப்பு, அப்பா கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா