புளியந்தீவு மாதா கோயில்: கூட்டாளிக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கலியாணம் முற்றான செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே சுகம், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

புளியந்தீவு மாதா கோயில் எவ்வளவு பழையது என்று சின்னவள் கேட்டாளாம். கட்டடத்தின் வயதை விடு. கதையை நம்மட மட்டக்களப்புக் கோட்டையில் இருந்து தொடங்கு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை 1638லேயே ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். கொழும்பு 1656 வரையும் யாழ்ப்பாணம் 1658 வரையும் போர்த்துக்கேயரிடம் இருந்தன. நம்மட ஊருக்குக் கிடைத்தது வெறும் பத்து வருசம். அதற்குப் பிறகு, ஒல்லாந்தர் ஆண்ட இடமெல்லாம் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. கோவாவில் இருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளே ஒளித்துத்தான் நடமாடினார். அந்தச் சட்டங்களை ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் நீக்கியது 1806இல். அவ்வளவு காலமும் செபமாலையைக் காப்பாற்றியது வீடுகள்தான் என்பது என் எண்ணம். நம்மட பறங்கிக் குடும்பங்களைப் பார், வேதத்தையும் விடவில்லை, போர்த்துக்கேயப் பாசையையும் முழுதாக விடவில்லை.

பேராலயம், அதாவது ஆயரின் நாற்காலி இருக்கும் கோயில் என்ற பதவி நம்மட மாதா கோயிலுக்கு நேற்றுத்தான் வந்தது என்று சொல்லலாம். 1893இல் உருவானது திருகோணமலை மறைமாவட்டம், ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி. அங்கே பணி செய்தது முதலில் பிரெஞ்சு யேசு சபையார், பிறகு அமெரிக்க யேசு சபையார். 1967இல் பெயரில் மட்டக்களப்பும் சேர்ந்தது, ஆனாலும் நாம் படித்த காலத்தில் இந்தக் கோயில் இணைப்பேராலயம், அதாவது இரண்டாவது பேராலயம்தான். 2012இல்தான் நமக்கென்று தனி மறைமாவட்டம், தனி ஆயர்.

அதென்ன பெரிய விசயம், நாற்காலி ஒன்றுதானே என்று நீ கேட்பாய். ஒவ்வொரு வருசமும் உயிர்ப்புக்கு முன் ஆயரும் குருக்களும் கூடி எண்ணெய் மந்திரிப்பார்கள். ஞானஸ்நானத்துக்கும் உறுதிபூசுதலுக்கும் நோயாளிகளுக்கும் வருசம் முழுக்கப் பூசுவது அதைத்தான். அம்பாறைப் பக்கம் சொறிக்கல்முனையில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் உச்சியில் படுவது நம்மட ஆயர் மந்திரித்த எண்ணெய். அந்த நாற்காலிக்கு அவ்வளவு தூரம் கை நீளும்.

2005 நத்தார் நள்ளிரவுப் பூசையையும் தள்ளிவிட முடியாது. நன்மை (நற்கருணை) வாங்கித் திரும்பிய யோசப் பரராசசிங்கம் எம்.பி.யைக் கோயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். மனைவிக்கும் காயம். பிள்ளையிடம் இதைச் சொல்வதா விடுவதா, உன் முடிவு. நான் என்றால் சொல்வேன். சொல்லாமல் விட்டால் அவளுக்குக் கிடைப்பது தபாலட்டைப் படம்தான்.

சரி, கலியாணம் முடிந்து செப்டம்பரில் வரப் பார். ஆயித்தியமலைச் சதா சகாய மாதா திருவிழாவுக்குச் சனம் இப்போதும் நடந்துதான் போகிறது. பிள்ளைகளை நடக்க விட்டு நீயும் நானும் ஆட்டோவில் பின்னால் போவோம். உன் முழங்காலைப் பற்றி உன் மனைவி ஏற்கனவே எனக்குச் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி