இருளர் குடியிருப்பு மாணவர்களுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
மாலை வகுப்பு ஆசிரியர்,
இருளர் குடியிருப்பு மக்கள், மாணவர்கள் சார்பில்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் – பிளஸ் டூ முடித்த நான்கு மாணவர்களின் விண்ணப்பங்கள் பதினொரு மாதங்களாக நிலுவையில் இருப்பது – கல்லூரிக் கலந்தாய்வுக்கு முன் தீர்வு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் முப்பத்தோரு வீடுகள் இருக்கின்றன. இந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் நான்கு பேர் பிளஸ் டூ தேறியிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் நான்கு பேர் தேறுவது எங்களுக்குப் புதிது. எனக்கு முன்னால் இங்கே யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் பி.ஏ. வரலாறு முடித்தவன். சோலார் தெருவிளக்கின் கீழே மாலை வகுப்பு நடத்திவருகிறேன். இவர்கள் நால்வரும் அந்த விளக்கின் கீழ் படித்தவர்கள் என்பதால் இந்த மனுவை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

நால்வரும் சென்ற ஆண்டே எஸ்.டி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டார்கள். பதினொரு மாதங்கள் ஆகின்றன. கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவரைப் பார்த்தால், "நான் அறிக்கை அனுப்பிவிட்டேன், அங்கே கேளுங்கள்" என்கிறார். ஒரு தடவை போய் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு தனி.

அலுவலகத்தில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தகப்பனாரின் சாதிச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் பழைய பத்திரம். அம்மையீர், இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. பத்திரம் எழுத நிலம் வேண்டும். குடிசை போட்ட இடத்துக்கே பட்டா இல்லாதவர்களிடம் மூலப்பத்திரம் கேட்டால் என்ன பதில் சொல்வது? பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குப் போய், மழை பிடிப்பதற்குள் திரும்பி, மீதி நாளில் சவுக்கு வெட்டியும் இறால் பிடித்தும் பிழைக்கும் குடும்பங்கள் இவை. சூளைக்குச் சூளை மாறும்போது ரேஷன் கார்டைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

எனக்கு மட்டும் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் தகப்பனார் வாங்கிய முன்பணத்துக்காக ஓர் அரிசி ஆலையில் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-இன்படி எங்களை மீட்டு விடுதலைச் சான்று கொடுத்தார்கள். அதில் கோட்டாட்சியரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. எங்கள் இனத்தின் பெயரும் எழுதியிருந்தது. பிற்காலத்தில் எனக்கு இருளர் என்று சான்றிதழ் வாங்கித் தந்தது அந்தத் தாள்தான். நான் பட்டதாரி ஆனதற்கு என் தகப்பனார் கொத்தடிமையாக இருந்ததுதான் ஆதாரம். மற்றவர்களின் தகப்பன்மார்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் பட்ட கடனை உழைத்தே தீர்த்துவிட்டார்கள். அவர்கள் கையில் ஒரு தாளும் மிஞ்சவில்லை.

நால்வரில் ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவளுடைய தாய் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். வலையெல்லாம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் மகளும் கூடப் போவாள். உப்புத்தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களோடுதான் மாலையில் எழுத வருவாள். பேனாவைத் துணி சுற்றிப் பிடிப்பாள். அறுநூறுக்கு 487 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அவள் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த அலுவலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள், "தெரியாது சார். ஆனால் நல்ல பாம்பு கடித்தால் விஷம் நரம்பைத் தாக்கும், கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும் என்று தெரியும்" என்றாள். இந்தப் பதிலை அவர் அறிக்கையில் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அவள் போட்டிருந்த பள்ளிச் சீருடையும், குடிசைக்குள் அடுக்கியிருந்த புத்தகங்களும் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியதாகத்தான் எனக்குத் தோன்றியது. பிள்ளை படித்துவிட்டால் இருளர் இல்லை என்றாகிவிடுமா?

பாம்பு பிடிப்பது இருளர்களின் பரம்பரைத் தொழில். அதை எங்கள் மக்கள் ஆசைப்பட்டு விட்டுவிடவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வடநெம்மேலியில் சிலர் அனுமதியோடு பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தருகிறார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. அந்தத் திறமைக்காகத்தான் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அன்று எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தோம். ஆனால் சங்கத்தில் இல்லாத ஒருவர் இன்று ஏரிக்கரையில் பாம்பைப் பிடித்துக் காட்டினால் அது குற்றம். சட்டம் தடுக்கிற வேலையைச் செய்துகாட்டித்தான் இனத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்றால், பதினேழு வயதுப் பெண் என்ன செய்வாள்?

விசாரணையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போலி எஸ்.டி. சான்றிதழ்கள் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான சரிபார்ப்பு முறையை வகுத்ததும் அதனால்தான். எங்கள் மாநிலத்தில் பழங்குடியினருக்கு இருப்பது ஒரு சதவீத இடஒதுக்கீடு. அதில் ஒரு போலி நுழைந்தால் பறிபோவது எங்கள் இடம். ஆகவே கண்டிப்பாக விசாரியுங்கள். விசாரிக்கத் தெரிந்தவர்களை அனுப்பி விசாரியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். எங்கள் கன்னியம்மன் வழிபாட்டைப் பற்றிக் கேட்கட்டும், வீட்டுக் கிழவிகளோடு உட்கார்ந்து பேசட்டும். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் நாங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறோம். கல்யாணம் பேசி முடிப்பதும் தாலி கட்டுவதும் அங்கேதான். மறுநாள் செய்தித்தாள்களில் எங்கள் படங்கள் வருகின்றன. ஊர் அறிந்த இந்த உறவுமுறையை ஓர் அறிக்கைக்குள் கொண்டுவருவது அவ்வளவு கடினமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 சதவீதமாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 சதவீதம்தான். இதைச் சொன்னால், "உங்கள் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வர வேண்டும், ஸ்ரீபதியைப் பாருங்கள்" என்கிறார்கள். பார்க்காமல் என்ன? ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் அவர். பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்கு வந்து தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். 2024-இல் அந்தச் செய்தி வந்தபோது அதை வெட்டி எங்கள் விளக்குக் கம்பத்தில் ஒட்டிவைத்தேன். மழையில் நனைந்ததும் இன்னொன்று ஒட்டினேன். எங்கள் பிள்ளைகளிடம் அந்த உறுதிக்குக் குறைவில்லை. பெற்றோர் சூளைக்குப் போய்விட்ட பிறகு, மார்ச் மாதத் தேர்வுக்காக ஒரு பையன் கண் தெரியாத பாட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு தனியாக இருந்து படித்தான். அவனுக்கு இன்னும் எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்?

அந்தப் பையன் இப்போது சவுக்கு வெட்டப் போகிறான். "சான்றிதழ் வந்தால் சொல்லுங்கண்ணா, வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. இந்த இரண்டுக்கும் சாதி தடையில்லை, அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். ஆனால் கல்லூரிக்குள் நுழைந்தால்தானே மாதப் பணம் வரும்? சான்றிதழ் இல்லாமல் கலந்தாய்வுக்குப் போனால் பொதுப் பிரிவில் நிறுத்துகிறார்கள். 487 மதிப்பெண்ணுக்குப் பொதுப் பிரிவில் அரசு நர்சிங் கல்லூரி இடம் கிடைக்காது. தனியார் கல்லூரிக் கட்டணத்தை அவளுடைய தாய் இறால் பிடித்துக் கட்ட முடியாது. பழங்குடியினருக்கான கல்வி உதவித்தொகைக்கும் அதே சான்றிதழ்தான் வேண்டும்.

ஆகவே, கலந்தாய்வு தொடங்குவதற்குள் கோட்டாட்சியரையும், பழங்குடியினரைப் பற்றி அறிந்த ஓர் அலுவலரையும் எங்கள் குடியிருப்புக்கே அனுப்பி ஒரு நாள் முகாம் நடத்த உத்தரவிட வேண்டுகிறோம். சூளையில் இருக்கும் பெற்றோரை அன்று அழைத்துவருவது என் பொறுப்பு. நால்வரில் ஒருவன் என் சொந்தச் சித்தப்பா மகன். எனக்குக் கொடுத்த சான்றிதழ் அவனுக்கு ஏன் ஆதாரமாகாது என்று அலுவலகத்தில் இதுவரை யாரும் சொல்லவில்லை. ரத்த உறவில் ஒருவருக்குச் சரிபார்த்துக் கொடுத்திருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்காவது மறுப்பதென்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குக்கூட வழியில்லை. முகாமுக்கு நாள் பிடிக்கும் என்றால், விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமாவது கொடுங்கள். கலந்தாய்வுக் குழுவிடம் அதைக் காட்டி அவகாசம் கேட்டுப் பார்க்கிறோம்.

மூன்று திங்கட்கிழமைகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வந்து மனு கொடுத்திருக்கிறோம். மூன்று மனுக்களும் அதே கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் திருப்பி அனுப்பப்பட்டன. இது நான்காவது. இதை மட்டும் தயவுசெய்து நீங்களே படித்து முடிவு எடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலை வகுப்பு ஆசிரியர்
மற்றும் குடியிருப்பு மக்கள் (கையொப்பங்களும் பெருவிரல் ரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு: நான்கு விண்ணப்பங்களின் ஒப்புகைச் சீட்டுகள், மதிப்பெண் பட்டியல்கள், முந்தைய மூன்று மனுக்களின் ரசீதுகள், என் சாதிச் சான்றிதழின் நகல், என் தகப்பனாரின் விடுதலைச் சான்றின் நகல். கடைசியில் சொன்னதன் மூலப்பிரதியைக் கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். பார்த்ததும் கையோடு திருப்பித் தந்துவிட வேண்டும்.