சனிக்கிழமை மூணு மணி நேரம், யாரு வர்றீங்க?
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பேசினதுதான், நம்ம ஏரியால பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராதது), ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்களோட அம்மாக்கள் ஒரு கல்யாணத்துக்குக்கூட போக முடியாம கிடக்காங்க, ஒருத்தங்க பல்வலிக்கு நாலு மாசமா கிராம்பு வச்சே ஓட்டிட்டிருக்காங்க. சனிக்கிழமை 3லருந்து 6 வரைக்கும் நாம பிள்ளைய பாத்துக்கிட்டா அவங்க வெளிய போய்ட்டு வருவாங்க, இல்ல சும்மா தூங்கட்டுமே.

எப்பவும் ரெண்டு பேராதான் போகணும். முதல் ரெண்டு தடவை அம்மா கூடவே இருப்பாங்க, பாத்து கத்துக்கோங்க. நிமிந்து உக்கார வச்சுதான் ஊட்டணும், படுத்தபடி ஊட்டினா புரை ஏறி நுரையீரலுக்குப் போயிடும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, சாவிய கையில குடுக்கறதெல்லாம் வேணாம் (போன தடவ ஒரு பெரியவர் சாவிக்கொத்தோட ஓடி வந்தாரு), 5 நிமிஷம் தாண்டினா 108க்கு போன் போடுங்க.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறவங்க தயவுசெஞ்சு வராதீங்க. அப்புறம் நிராமயான்னு இந்த மாதிரி பிள்ளைங்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கு, 1 லட்சம் வரைக்கும் கிடைக்கும், அந்த ஃபார்ம் ஃபில் பண்ணத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. வர்றவங்க வியாழக்கிழமைக்குள்ள பேர் போடுங்க.