சொல்லித் தருபவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

வெளிநாட்டுக் கலைஞர்களை இங்கே தங்கவைக்க நல்கை தரும் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டில், வெளிநாட்டுக் கலைஞர்களைத் தங்கவைத்து வேலைசெய்ய இடம் கொடுத்து வருகிறோம். உங்களைப் போன்ற அறக்கட்டளைகளுக்கும் பண்பாட்டு மையங்களுக்கும் விண்ணப்பம் எழுதுவதே எங்கள் வேலையில் பாதி. சில தடவை பணம் கிடைத்திருக்கிறது, பல தடவை கிடைத்ததில்லை. கிடைக்காததற்காகப் புலம்ப இதை எழுதவில்லை. உங்கள் படிவத்தில் வரும் பட்ஜெட் பக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

விமானச் சீட்டு, விசா, காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு, கலைஞருக்கான மாத உதவித்தொகை, பொருள்கள், புகைப்படம், நிறைவுக் கண்காட்சி என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. வருபவர் யாருடைய பட்டறையில் போய் உட்காரப் போகிறாரோ, அவருக்கு மட்டும் கட்டம் இல்லை. அவரைக் கடைசியில் ‘இதர செலவுகள்’ என்ற வரிக்குள், டீக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நாங்கள்தான் திணிக்கிறோம்.

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தலை, மார்பு, தொடை, முழங்கால் எல்லாம் எங்கே வர வேண்டும் என்று பிரிப்பார். ஸ்கேல், டேப் எதுவும் கிடையாது. எங்களிடம் வந்திருந்த ஒரு சிற்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகில் ஒரு கை செய்தார். விரல்கள் கனமாகிவிட்டன. ஸ்தபதி கத்தி முனையைச் சூடாக்கி ஒவ்வொரு விரலாக இழைத்துக் காட்டினார். அதற்கே முற்பகல் முழுக்கப் போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, அவங்க கத்துக்கட்டும், சந்தோஷம். என் ஆர்டரை யாரு முடிக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் செய்வது கன வார்ப்பு, அதாவது உள்ளே வெற்றிடம் இல்லாத சிலை. மெழுகு உருவத்தின் மேல் பூசிய மண்தான் அச்சு. அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றிய பிறகு அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான் என்பதால், இன்று விட்டதை நாளைக்கு இரண்டாகப் பண்ணிவிட முடியாது.

அந்தச் சிற்பி ஊருக்குப் போய்க் கண்காட்சி வைத்தார். கண்காட்சிக் கையேட்டை எங்களுக்கும் அனுப்பிவைத்தார், நல்ல மனுஷி. அதில் நல்கை தந்தவர்களின் பெயர் இருந்தது, எங்கள் வீட்டின் பெயர்கூட இருந்தது. ஸ்தபதியைப் பற்றி ‘உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்’ என்று ஒரு வரி. அந்தச் சிற்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உங்கள் படிவம் கலைஞர் என்று யாரைச் சொல்கிறதோ, அவரைத்தானே கையேடும் கலைஞர் என்று சொல்லும்?

இதற்குப் பிறகு ஒரு விண்ணப்பத்தில், வருகிற கலைஞருக்கு நாள் ஒன்றுக்கு என்ன தொகையோ அதே தொகையை ஸ்தபதிக்கும் போட்டோம். உள்ளூர்ப் பங்கேற்பு தன்னார்வத்தில் நடப்பதே சிறப்பு, அந்தத் தொகையை எடுத்துவிட்டுத் திருத்திய பட்ஜெட் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சரி, எடுத்தோம், அனுப்பினோம். அப்புறம் வந்த மறுப்புக் கடிதத்தில், உள்ளூர்ச் சமூகத்துக்கு இதனால் என்ன பயன் என்பது தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. ஒருவரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிட இஷ்டமில்லை.

‘கூட்டுப் படைப்பு எப்படி நிகழும்?’ என்று 300 வார்த்தையில் விளக்கச் சொல்கிறீர்கள். டெல்டாவில் அது எப்படி நிகழ்ந்தது என்று தெரிய வேண்டுமானால் நரசிங்கம்பேட்டைக்கு வாருங்கள். அங்கே ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். புது மரம் உதவாது, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட மரம் வேண்டும். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பக்கத்திலேயே திருவாவடுதுறை. அந்த ஊர் நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசிக்கும்போது சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேச வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதற்கேற்றபடி பாரி என்கிற நீளமான நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இன்று மேடையில் கேட்கிற நாகஸ்வரம் அந்த வழியில் வந்ததுதான். கேட்டவர் வித்வான், செய்தவர் ஆசாரி. இதில் யார் கலைஞர், யார் உதவியாளர் என்று உங்கள் படிவத்தை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

வெளிநாட்டு வரவு எங்களுக்குப் புதிதும் இல்லை. சரபோஜி மன்னர் காலத்தில் தஞ்சை அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழு இருந்தது. தஞ்சை நால்வர் என்று பெயர்பெற்ற இசை, நாட்டிய ஆசான்களான சகோதரர்களில் வடிவேலு வயலினை எடுத்துக் கர்நாடக சங்கீதம் வாசித்தார். ‘பண்பாட்டுப் பரிமாற்றத்தின் அவசியம்’ என்ற கேள்விக்கு நாங்கள் பதில் எழுதுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

அடுத்தது காலம். உங்கள் அழைப்புகளில் பெரும்பாலானவை ஜனவரியில் தொடங்கி மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்கச் சொல்கின்றன. இல்லையென்றால் குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசதியாக நவம்பர், டிசம்பர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவாமிமலையில் மண் அச்சு லேசில் காயாது. மெழுகின் மேல் வண்டல் மண்ணையும் உமிக்கரியையும் குழைத்துப் பூசுகிறார்கள். அது நிழலில்தான் காய வேண்டும், வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி உருவமே போய்விடும். நாகஸ்வரக்காரர்களைப் பிடிக்க வேண்டுமானால் தை முகூர்த்தங்களில் வந்து பிரயோஜனமில்லை, ஆடியில் வாருங்கள். கல்யாணம் கிடையாது, உட்கார்ந்து பேசுவார்கள். மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகத்தைப் பார்க்க ஆசைப்படும் நாடகக்காரர் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, அக்கினி வெயிலில் வந்தாக வேண்டும். வாய்க்கால், வயலை வைத்து வேலைசெய்வதாகத் திட்டம் எழுதித்தரும் கலைஞர்கள் நிறைய. அவர்கள் வரும் மாசியில் மேட்டூரை மூடியிருப்பார்கள். வழக்கப்படி ஜூன் 12-க்குத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். ஆகவே மாதத்தை எங்களிடம் விடுங்கள். ஆண்டுக் கணக்கு உங்கள் ஆடிட்டரின் தலைவலி, அதை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

சட்டச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். எங்களைப் போன்ற வீட்டுக்கு அது எட்டாது. பதிவுள்ள சென்னை, டெல்லி அமைப்பு வாங்கி எங்களுக்குத் தரலாமே என்றால், 2020 திருத்தம் அதையும் தடுத்துவிட்டது. வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. இது உங்கள் கையிலும் இல்லை, எங்கள் கையிலும் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. சீட்டு, காப்பீடு, உதவித்தொகை எல்லாவற்றையும் கலைஞரிடமே அவர் நாட்டில் கொடுத்துவிடுங்கள். வீட்டு வாடகையையும் பட்டறைக் கட்டணத்தையும் இங்கே வந்து அவரே தருவார். தொழில் முறையில் செய்த வேலைக்கான கட்டணமும் பொருளுக்கான விலையும் நன்கொடைக் கணக்கில் சேராது என்று அந்தச் சட்டமே விளக்கம் வைத்திருக்கிறது. ஸ்தபதிக்குப் பணம் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று இனிமேல் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

கலைஞர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை ஏற்றுவது, மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, காரமில்லாத சாம்பார் வைப்பது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்கவில்லை. கேட்பது ஒரு வரி. பட்ஜெட் பக்கத்தில் ‘உள்ளூர்க் கலைஞர் சம்பளம்’ என்று அச்சடித்து, வருபவரின் நாள் தொகைக்குக் குறையாமல் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போடட்டும். கண்காட்சிக் கையேட்டில் அவர் பெயர் வர வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கட்டும். அவர் பங்கு விவரத்தைத் தமிழில் எழுதித் தந்தாலும், போனில் பேசி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க ஆள் வைக்கும் வசதி எங்களைவிட உங்களுக்கு அதிகம்.

அடுத்த அழைப்புக்கு நாங்கள் கட்டாயம் விண்ணப்பிப்போம். கட்டம் இருந்தால் அதில் எழுதுவோம். இல்லாவிட்டால் ‘இதர செலவுகள்’ வரியில் ஸ்தபதியின் முழுத் தொகையையும் அவர் பெயரோடு போடுவோம். எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னால் இந்த முறை எடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பதாரர்