எங்கள் வெள்ளை மாருதி 800-இன் கியர் பாக்ஸுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

குரோம்பேட்டைத் தெருக்காரர்களுக்கும், டிப்போ ஐயாவுக்கும், லேத் அண்ணனுக்கும், புதுப்பேட்டைக் கடைக்காரருக்கும் வணக்கம்.

வண்டி ஓடுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கரகரப்பு இல்லை. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவுவதும் நின்றுவிட்டது. "நீயே வீட்ல பிரிச்சு மாட்டினியாமே?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஸ்பானர் பிடித்தது நான்தான். எதைப் பிரிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சொன்னவர்கள் வேறு. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

முதலில் டிப்போ ஐயா. மாநகரப் பேருந்துப் பணிமனையில் கியர் பாக்ஸ் வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். நான் வண்டியைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் "பழைய வண்டி சார், பெட்டியையே மாத்திடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஐயா ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொன்னார். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போடச் சொன்னார். சத்தம் இல்லை. அப்புறம் ஓடுகிற வண்டியில் கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், இரண்டாவது கியர். கியர் விழும்போது வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையம் இல்லாத கியர் பெட்டி வைத்த பழைய பஸ்களை இப்படித்தான் ஓட்டினார்களாம். அத்தனை நாள் கத்திக்கொண்டிருந்த இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. "கிளட்ச் நல்லா இருக்கு. சிங்க்ரோ ரிங்குதான் போச்சு" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். கியரின் வேகத்தையும் ஷாஃப்டின் வேகத்தையும் சமமாக்குவது அந்தப் பித்தளை வளையத்தின் வேலை. அது தேய்ந்துவிட்டால் அந்த வேலையை ஆக்சிலேட்டரைத் தட்டி நம் காலே செய்ய வேண்டும். காலால் செய்தபோது சத்தம் போய்விட்டது என்றால் குற்றவாளி வளையம்தான். வண்டி நியூட்ரலில் இருக்கும்போது வந்த ஊளைச் சத்தத்தையும் இப்படியே சோதிக்கச் சொன்னார். கிளட்சை மிதித்தால் சத்தம் அடங்குகிறதா, எஞ்சினிலிருந்து பெட்டிக்குள் வரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதா, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். என் வண்டியில் மிதித்ததும் அடங்கியது.

ஆயிலை வடித்தபோதும் வந்து நின்றார். தட்டில் தங்கப் பொடி தூவியது போல மினுமினுப்பு. ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தார். அதில் கொஞ்சம் கறுப்புக் குழம்பு மட்டும் ஒட்டியது, மினுமினுப்பு ஒட்டவில்லை. "காந்தத்துல ஒட்டாதது பித்தளை. பல்லு உடைஞ்சிருந்தா இரும்புத் துண்டு வந்திருக்கும். தைரியமா பிரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மடலை எழுதலாம்.

1998 மாடல் மாருதி 800, நான்கு கியர். முன்சக்கர ஓட்டம் என்பதால் இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள் இருக்கிறது. ஆக்சில் இரண்டையும் உருவினால்தான் பெட்டி கீழே வரும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே என்று எதிர்வீட்டு மாமா தன் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்தார். பெட்டியை இறக்கவும், பிறகு ஏற்றவும் மாடிவீட்டுக் கல்லூரித் தம்பி தோள் கொடுத்தான். ஏற்றும்போது ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் நேராகப் போய் உட்கார வேண்டும். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பெட்டியைத் தாங்கியபடியே "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்ணா" என்று சொன்ன அழகு இருக்கிறதே! தம்பி, நீ படிப்பது வணிகவியல் என்பது அந்தத் துறைக்கு லாபமோ இல்லையோ, மெக்கானிக்கலுக்கு நஷ்டம்.

லேத் அண்ணனிடம் ஷாஃப்டுகளோடு போய் நின்றேன். பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துக் கழற்றித் தந்தார். புதியதை ஏற்றும்போது எந்த வளையம் ஷாஃப்டைப் பிடிக்கிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும், வெளி வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடம் பதித்துப் புது பேரிங்கே சத்தம் போடும் என்று காட்டிக்கொடுத்தார். கூலி கேட்டதற்கு டீயோடு சரி என்றார். மற்ற பேரிங்குகளை வீட்டிலேயே ஏற்றினேன். ஷாஃப்டை பாலித்தீன் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, பேரிங்கைப் பழைய வாணலியில் ஆயில் ஊற்றிச் சூடாக்கினால் கையாலேயே இறங்கிவிடுகிறது. ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து இடம் கொடுத்த அம்மாவுக்குத் தனி வணக்கம். வாணலியை இனி சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்ற உத்தரவு அமலில் இருக்கிறது.

800-இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அதற்குச் சாமான் கிடைக்காமல் இல்லை, எது நல்ல சாமான் என்பதுதான் கேள்வி. கடைக்காரர் என் பழைய ரிங்கையும் இரண்டாவது கியரையும் வாங்கி, ரிங்கைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்தித் திருகினார். பிடிக்காமல் வழுக்கியது. இரண்டுக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடே திணறித்தான் நுழைந்தது. புது ரிங்கில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முதலில் எடுத்த ரிங்கை அவரே "இது லோக்கல், வேணாம்" என்று ஒதுக்கிவிட்டு வேறு அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். கியரையும் மாற்றலாமா என்று கேட்டேன். பல்லை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, இது நன்றாக இருக்கிறது, ஜோடி கியரை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம்தான் வரும் என்றார். விற்க வேண்டியவர் விற்காமல் அனுப்பிய பொருள் அது. மூன்றாவது கியர் தாவியதற்கு, கியர் மாற்றத் தள்ளிக்கொடுக்கும் ஃபோர்க் தேய்ந்திருந்ததும் ஒரு சின்ன ஸ்பிரிங் சோர்ந்துபோனதும்தான் காரணம். இரண்டும் அவரிடமே கிடைத்தன. பேரிங்குகளை மட்டும் அவற்றின் மேலிருக்கும் எண்ணைச் சொல்லி பேரிங் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாருதி ஓம்னி வேனின் கியர் பெட்டி ஒன்று கிடக்கிறதே என்று நான் இழுத்ததற்கு, எஞ்சின் ஒன்றுதான், ஆனால் அது பின்சக்கர ஓட்டம், பெட்டியே வேறு என்று சிரித்தார்.

தெருக்காரர்களுக்கு என்ன சொல்வது? சக்கரம் இல்லாத வண்டி பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணி லாரிக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒடித்து ஒடித்துத் திருப்பிப் போனார். மழை வந்த இரவில் யாரோ தங்கள் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். யார் என்று இன்னும் தெரியவில்லை. நீல நிறத் தார்ப்பாய், ஒரு மூலையில் தையல் போட்டது. துவைத்துக் காயவைத்து எங்கள் கேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா, ஸ்டாண்டுகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
வெள்ளை 800-காரன்