சுவிஸ் சுவரில் இறங்கத் துணிச்சல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு பற்றி வந்த கட்டுரை, ‘சுவிஸ் சுவர்’ எனப்படும் ஷவனெத் சரிவைத் துணிச்சல் உள்ளவர்கள் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று முடிந்திருந்தது. எப்படி இறங்குவது, எப்போது இறங்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை நம்பி யாராவது உச்சிக்குப் போய் நின்றால் என்ன ஆகும் என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

பிரான்ஸின் அவோரியாஸுக்கும் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரிக்கும் இடையே எல்லையில் இருக்கும் அந்தச் சரிவு ஏறத்தாழ 1 கி.மீ. நீளம், இறக்கம் சுமார் 330 மீட்டர். கணக்குப் போட்டால் சராசரிச் சாய்வு 19 டிகிரிதான் வரும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். செங்குத்தெல்லாம் தொடக்கத்தில்தான், அங்கே சாய்வு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். விளிம்பில் நிற்பவருக்குக் கீழே இருப்பது தெரியாது.

இயந்திரம் ஓட்டிச் சமன் செய்யாத சரிவு என்பதால் முழுக்க மோகல்கள், அதாவது பனிமேடுகள். பல்லாங்குழிப் பலகையைச் சரித்து வைத்ததுபோல் இருக்கும். பலரும் ஒரே இடத்தில் திரும்புவதால் அங்கே பனி சுரண்டப்பட்டுக் குழியாகிறது. சுரண்டிய பனி கீழே குவிந்து மேடாகிறது. பின்னால் வருபவரும் அந்த மேட்டைச் சுற்றியே திரும்புவதால் குழி மேலும் ஆழமாகும். பல நாள் புதுப்பனி விழாவிட்டால் மேடுகள் இடுப்பளவுக்கும் மேல் வளர்ந்துவிடும். குழியின் அடி பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும்; மென்பனி மேட்டின் தோள்பகுதியில்தான் தங்கும். வேகத்தை அங்கேதான் குறைக்க முடியும்.

திரும்ப வேண்டிய இடம் மேட்டின் உச்சி. அங்கே பலகையின் நடுப்பகுதி மட்டும் பனியில் பட்டு, முனையும் வாலும் காற்றில் இருக்கும். பாதத்தை முறுக்கினாலே பலகை திரும்பிவிடும். இதையே குழிக்குள் செய்ய முயன்றால் முனையும் வாலும் இரு பக்கத்திலும் முட்டிக்கொள்ளும். உச்சியை நெருங்கும்போது முழங்கால்களைத் தளர்த்தி, மேடு அவற்றை மேலே தள்ள விட வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஊன்றுகோலைத் தொட்டுப் பாதங்களைத் திருப்ப வேண்டும். பிறகு மேட்டின் கீழ்ப்பக்கத்தில் பக்கவாட்டாக வழுக்கியபடியே கால்களை நீட்டி, பலகையின் முனையைப் பனியோடு ஒட்ட வைக்க வேண்டும். நெஞ்சு எப்போதும் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்க, கண் இரண்டு மூன்று மேடுகள் தள்ளி இருக்கட்டும்.

பெரும்பாலான விழுதல்களுக்குக் காரணம் பயத்தில் பின்னால் சாய்வது. எடை குதிகாலுக்குப் போனதும் முனை பிடிமானம் இழந்து பலகை முன்னே ஓடுகிறது; அடுத்த மேடு ஆளைத் தூக்கி எறிகிறது. இன்னொன்று, ஊன்றுகோலைத் தொட்ட கை பின்னாலேயே தங்கிவிடுவது. கையோடு தோளும் திரும்பிவிடும். அதன்பின் அடுத்த திருப்பம் வராது. கோல் பனியில் பட்ட உடனே மணிக்கட்டை முன்னே தள்ள வேண்டும். திரும்பத் தயங்கி ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்கே ஓடுவதும் பாதுகாப்பல்ல. குறுக்கே போகும்போது வேகம்தான் கூடும்.

தொலைக்காட்சியில் பார்த்த ஒலிம்பிக் வீரர்களைப் பின்பற்ற வேண்டாம். 1992இல் பதக்கப் போட்டியான மோகல் பந்தயத்தின் தடம், சீரான இடைவெளியில் மேடுகள் அமைத்து, 28 டிகிரி அளவுச் சாய்வில் உருவாக்கப்படுவது. அங்கேகூட மதிப்பெண்ணில் 60 சதவீதம் திருப்பங்களுக்கு, வேகத்துக்கு 20 சதவீதம்தான்.

முந்தைய நாள் வெயிலில் உருகிய பனி இரவில் உறைந்திருக்கும் காலைகளில் அங்கே போகவே கூடாது. இறுகிய பனியில் சரிவின் உச்சியில் விழுந்தவர் எளிதில் நிற்கமாட்டார். மேட்டுக்கு மேடு அடிபட்டுக்கொண்டே இறங்குவார். விழுந்தால் முதல் வேலை, பாதங்களைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து அவற்றின் விளிம்பைப் பனியில் பதிப்பது. மேடு எது குழி எது என்று கண்ணுக்குப் பிரியாத மூடுபனி நாட்களும் வேண்டாம். ஓய்வெடுக்க நிற்பவர்கள் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். குழிக்குள் நிற்பவர் மேலிருந்து வருபவர் கண்ணில் படமாட்டார். வாடகைக் கடையில் எடை, உயரம், திறமை கேட்டுத்தான் காலணிப் பிடிப்பு எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்று அமைக்கிறார்கள். அங்கே திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது பிடிப்பு கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

சமன் செய்த கருப்புத் தடத்தில், அதாவது மிகக் கடினமானது என்று குறிக்கப்பட்ட தடத்தில், எங்கே வேண்டுமானாலும் நிற்கவும், செங்குத்தில் பக்கவாட்டாக வழுக்கி இறங்கவும் முடிகிறவர்களே அங்கே போகலாம். விளிம்புவரை போய் மனம் ஒப்பவில்லை என்றால், பக்கத்திலேயே இருக்கும் நாற்காலி லிஃப்டில் ஏறிக் கீழே போகலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். கட்டுரையில் விடுபட்ட இந்தத் தகவலையாவது அடுத்த இணைப்பில் பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
லவுசான், சுவிட்சர்லாந்து