கைபேசி இருக்க நூலகர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது பாடசாலைக்கு நூலகர் எதற்கு என்று எங்கள் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கிடைக்கிறது, உண்மைதான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகவே இருக்கின்றன. கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ இணையத்தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றைக் காட்டுவது யார்? 2020இல் பாடசாலைகள் மூடியபோது, சிக்னல் தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகள் வட்ஸ்அப்பில் வந்த குறிப்புகளை அப்படியே கொப்பியில் எழுதினார்கள். யார் எழுதியது, சரியா பிழையா என்று கேட்கப் பழக்க ஆளில்லை.

அதைப் பழக்குவதுதான் இன்றைய நூலகரின் முதல் வேலை. நல்லதைத் தெரிந்தெடுத்து, சிக்னல் எட்டாத லயத்து (தோட்டக் குடியிருப்பு) பிள்ளைகளுக்காகப் பாடசாலைக் கணினியில் தரவிறக்கி வைப்பதும் அவர் செய்யக்கூடியதே. ஆனால் நம் பக்கத்தில் நூலகத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர், அதுவும் பாடவேளைகளுக்கு இடையில். (சில இடங்களில் அலுமாரிச் சாவிகூட அவரிடம் இல்லை.) வலயக் கல்விப் பணிமனைகள் இவர்களுக்குப் பயிற்சியும், நேரசூசியில் இதற்கென நேரமும் ஒதுக்கட்டும். புதிய கணினிகள் பிறகு வரலாம்.

பெற்றோர் ஒருவர்,
ஹட்டன்.